குளத்தில் குளித்தபின் கால் அரிக்கிறதா? முதலில் நத்தையைத் தேடுங்கள்

போன மே மாதம் திண்டுக்கல்லிலிருந்து அக்கா பிள்ளைகள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்குக் கீழே ஓடைத் தண்ணீரைத் தேக்கிய ஒரு குளம் இருக்கிறது, அதில் காலை 11 மணிக்கு இறங்கியவர்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை ஏறவே இல்லை. ஏறியதும் துண்டைத் தேடாமல் பாறையில் உட்கார்ந்து வெயிலிலேயே காய்ந்தார்கள். அரை மணி நேரம் ஆகியிருக்காது, சின்னவன் "சித்தி, காலெல்லாம் குறுகுறுன்னுது" என்றான். ராத்திரிக்குள் முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. விடிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் கடுகு அளவு தடித்து, சிலவற்றின் நுனியில் நீர் கோத்திருந்தது. பிள்ளை தூங்கவே இல்லை.

மலைக்குக் கீழே ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். சிரங்கு என்றார். வீட்டில் இருக்கும் எல்லோரும் கழுத்திலிருந்து பாதம் வரை பூசிக்கொள்ள வேண்டும் என்று மருந்து கொடுத்தார். ஒன்பது பேர் பூசிக்கொண்டோம், போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு அலசினோம். எங்கே குளித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. விஷயம் தெரிந்தது அடுத்த வாரம், வேறு வழியாக. எங்கள் பசு ஒன்று மூச்சு விடும்போது குறட்டை விடுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, மூக்கில் சளியும் வடிந்தது. பார்க்க வந்த கால்நடை மருத்துவர் முதலில் கேட்டதே, "மாடு எந்தத் தண்ணியில வாய் வைக்குது?" என்றுதான். குளத்தைக் காட்டினேன். கரையோரம் குனிந்து ஒரு பாசித் தண்டை எடுத்துத் திருப்பினார். அடியில் வட்டமாய்ச் சுருண்டு நாலைந்து நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "இதுல யாரும் குளிக்கறீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் பிள்ளைகளின் கால் எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன், எங்கள் குளத்தில் செய்து பார்த்தேன். விடுமுறைக்குக் குழந்தைகளோடு மலைக்கு வருகிறவர்களுக்கும், இங்கேயே குளமோ பண்ணைக்குட்டையோ வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதற்கு நீச்சல் அரிப்பு என்று பெயர், முதலில் இது என்ன என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மாடு, ஆடு, எருமை, வாத்து போன்றவற்றின் ரத்தக் குழாயில் வாழும் ஒருவகைத் தட்டைப்புழு உண்டு, சிஸ்டோசோமா குடும்பம் என்பார்கள். அதன் முட்டை சாணத்தோடோ எச்சத்தோடோ தண்ணீரில் விழுகிறது. பொரித்து வரும் குஞ்சு நேரே போய் நத்தைக்குள் புகுந்துகொள்கிறது. நத்தைக்குள் சில வாரம் இருந்து ஒன்று பலவாகப் பெருகி, செர்க்கேரியா என்ற அடுத்த பருவமாக வெளியே வருகிறது. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, வால் மட்டும் பாம்பின் நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரே நத்தையிலிருந்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் வரும், நத்தை உயிரோடு இருக்கும் வரை வந்துகொண்டே இருக்கும். வந்தவை மாட்டையோ வாத்தையோ தேடி நீந்துகின்றன, கிடைத்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சுற்றை முடிக்கின்றன. சுமார் ஒரு நாள்தான் அவற்றின் ஆயுள். அந்த நேரத்தில் உங்கள் கால் குறுக்கே வந்தால் அதையும் துளைக்கும். ஆனால் மனித உடம்பில் அவற்றால் வளர முடியாது, தோலிலேயே செத்துவிடும். செத்த புழுவை நம் உடம்பு எதிர்க்கிறது பாருங்கள், அதுதான் அரிப்பு. 1928-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கார்ட் என்ற ஆய்வாளர்தான் ஏரியில் குளிப்பவர்களின் அரிப்புக்கும் நத்தைக்கும் உள்ள இந்தத் தொடர்பை முதலில் காட்டியவர்.

எங்கள் பசுவுக்கு வந்தது சிஸ்டோசோமா நாசாலே, 1933-ல் ராவ் என்ற அறிஞர் விவரித்துப் பெயரிட்ட புழு, மூக்கின் ரத்தக் குழாயில் குடியிருப்பது. மூக்குச் சளியை எடுத்துப் போன மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்த முட்டையைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் எறிந்து வேட்டையாடிய நம் ஊர் வளரி எப்படி வளைந்திருக்கும், அச்சு அசலாக அப்படி. மாடு தண்ணீர் குடிக்க மூக்கை வைக்கும்போதே முட்டை தண்ணீரில் இறங்கிவிடுகிறது. இதன் சொந்தக்காரப் புழுவான சிஸ்டோசோமா ஸ்பிண்டேலின் முட்டை சாணத்தில் வரும். மனிதத் தோலில் சொறியைக் கிளப்புவதில் அது பேர் போனது, ஆசியாவில் நெல் வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களின் காலைப் பிடிப்பது பல நேரம் அதுதான்.

சரி, பயப்பட வேண்டுமா? தேவையில்லை. ஆப்பிரிக்காவில் மனித உடம்பிலேயே தங்கிச் சிறுநீர்ப்பையையும் ஈரலையும் கெடுக்கிற சிஸ்டோசோமா வேறு, உலகில் 20 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அதற்கான மருந்து தேவைப்படுகிறது. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்து கிம்வி என்ற கிராமத்தில் 1952-ல் அது பதிவானது, அதனால்தான் அந்த ஊர் பேர் இந்தத் துறைப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் மலைக் குளங்களில் வரும் அரிப்பு அது இல்லை. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது, ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போய்விடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் தடவை லேசாக வந்ததே என்று திரும்ப அதே தண்ணீரில் இறங்கினால் அடுத்த தடவை சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும். உடம்பு அந்தப் புழுவை அடையாளம் வைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு முறையும் இன்னும் வேகமாக எதிர்க்கிறது. ஒரே குளத்தில் ஒன்றாகக் குளித்த மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் தடிப்பதற்கும் பாதி காரணம் இதுதான்.

அப்புறம், எந்தத் தண்ணீர்? கொடைக்கானல் ஏரியிலும் ஊட்டி ஏரியிலும் படகுதான், குளிக்க இறங்க விடுவதில்லை, நீலகிரியின் அணைத் தேக்கங்களிலும் அப்படியே. அந்தத் தடையை மதியுங்கள், அங்கே குளிரும் சேறும் திடீர் ஆழமும் ஆளை வாங்கிவிடும், அரிப்பெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் பேசுவது தோட்டத்துக் குளம், பண்ணைக்குட்டை, ஊர்ப் பொதுக்குளம், தடுப்பணைக்குப் பின்னால் தேங்கிய நீர் இவற்றைப் பற்றி. நம் மலையில் இயற்கையாக இருப்பது ஓடுகிற தண்ணீர், ஓடையும் அருவியும். இந்த நத்தைகளுக்கு வேகமாக ஓடும் தண்ணீர் பிடிக்காது. தேங்கிய தண்ணீர் பெரும்பாலும் நாம் உண்டாக்கியது, கொடை ஏரியே 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் கரை போட்டுத் தேக்கியதுதான். குளிர்ந்த தண்ணீரில் நத்தையிலிருந்து புழு வெளியேறுவதும் குறையும். அதனால் மேல்மலைக் குளிரில் உள்ள நீரைவிடத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, குன்னூருக்குக் கீழே பர்லியார் இப்படிக் கொஞ்சம் இறங்கிய, வெயில் படுகிற இடத்துக் குட்டைகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அதிலும் ஏப்ரல், மே. தண்ணீர் வற்றிச் சூடாகிறது, நத்தைகள் மிச்ச நீரில் நெருங்குகின்றன, வேறு தண்ணீர் இல்லாததால் மாடுகளும் அங்கேயே வருகின்றன, பள்ளி விடுமுறையும் அப்போதுதான்.

இறங்குமுன் கரையை ஒரு சுற்று நடந்து பாருங்கள், பத்து நிமிடம் போதும். மாட்டுக் குளம்புத் தடம் சேற்றில் இருக்கிறதா, சாணம் கரையிலோ தண்ணீரிலோ கிடக்கிறதா, வாத்து, முக்குளிப்பான் மாதிரிப் பறவைகள் தங்குகிற இடமா, ஓரத்தில் ஆகாயத்தாமரையோ பாசியோ கோரையோ அடர்ந்திருக்கிறதா? மிருகம் அல்லது பறவை, நத்தை, வெயில் படும் தேங்கிய நீர் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் இந்தச் சுற்று ஓடும், ஒன்று அறுந்தாலும் நின்றுவிடும்.

நத்தையை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. எல்லா நத்தையும் இதில் சேராது. சிலர் ஆக்கிச் சாப்பிடுகிற, வாயை ஒரு கெட்டி மூடியால் அடைத்துக்கொள்கிற பெரிய குண்டு நத்தைக்கும் இந்த அரிப்புக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் தேட வேண்டியது மூடி இல்லாத இரண்டு வகை. ஒன்று தட்டையாகச் சுருண்டது, கைமுறுக்கு மாதிரி ஒரே தளத்தில் சுற்றியிருக்கும், பழுப்பு நிறம், பெரியது ஒரு ரூபாய் நாணயம் அகலம் வரும். இண்டோபிளானார்பிஸ் என்று பெயர், நம் நாட்டு மாட்டுப் புழுக்களுக்கு முக்கியமான வீடு இதுதான். நசுங்கினால் ரத்தம் போலச் சிவப்பாக வடியும், உண்மையிலேயே நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒருவகை ஹீமோகுளோபின்தான் அதற்குள்ளும் இருக்கிறது. இன்னொன்று லிம்னியா, ஓடு மெல்லியது, வெளிச்சம் ஊடுருவும், ஒரு முனை கூர்மையாக இருக்கும், வாய் அகலமாக வலது பக்கம் திறந்திருக்கும். இரண்டுமே இலையின் அடியில் ஜவ்வு மாதிரி முட்டைக் கொத்து வைக்கும். மிதக்கும் இலை பத்தைத் திருப்பிப் பாருங்கள், ஜவ்வு இருந்தால் நத்தை இருக்கிறது.

சொந்தக் குளம் என்றால் இன்னும் ஒரு படி போகலாம், நான் செய்வது இது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தேநீர் வடிகட்டியால் சாயங்காலம் 20 நத்தை அள்ளிக்கொள்கிறேன். குளத்துத் தண்ணீரில் வேறு பூச்சிகள் ஓடிக் குழப்பும், அதனால் குளோரின் கலக்காத கிணற்று நீரோ ஊற்று நீரோ ஊற்றிய கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, துணியால் மூடி இருட்டில் வைத்துவிடுவேன். காலை 9 மணிக்கு எடுத்து வெளிச்சமான ஜன்னலோரம் இரண்டு மணி நேரம், உச்சி வெயிலில் வைத்தால் நத்தை வெந்து செத்துவிடும். பிறகு பாட்டிலுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, கை லென்ஸால் பாருங்கள். எனக்கு முதல் தடவை வெறும் தூசி என்றுதான் தோன்றியது. தூசி கீழே இறங்கும், இது கொஞ்சம் இறங்கி, ஒரு உதறு உதறி, மேலே ஏறியது. மறுபடி அசையாமல் இறங்கி, மறுபடி உதறி ஏறியது. அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி கிடைத்தால் ஒரு சொட்டை வைத்துப் பிளந்த வாலையும் பார்த்துவிடலாம்.

இந்தச் சோதனையை எப்படி எடுத்துக்கொள்வது என்பதிலும் கவனம் வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் குளம் சுத்தம் என்று அர்த்தமில்லை, பெரும்பாலான நீர்நிலைகளில் நூறு நத்தையில் ஒரு சிலவற்றில்தான் புழு இருக்கும், உங்கள் 20-ல் அது சிக்காமல் போயிருக்கலாம். வால் பிளந்த புழு வந்தாலும் அது நம் தோலைத் துளைக்காத வேறு இனமாக இருக்கலாம். ஆனால் புழு வருகிறது, மாடும் அங்கே குடிக்கிறது, போன தடவை பிள்ளைக்கு அரித்தது, மூன்றும் சேர்ந்தால் எனக்கு அது போதும். முடிந்ததும் பாட்டிலில் கொதிநீர் ஊற்றி எல்லாவற்றையும் கொன்றுவிட்டு மண்ணில் புதையுங்கள். அந்தப் பாட்டிலும் வடிகட்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

குளிக்கும் நேரம்தான் மலையில் பெரிய சிக்கல். வெளிச்சம் பட்டதும் நத்தை புழுவை விடத் தொடங்கும், காலையிலிருந்து நண்பகல் வரை அதிகம். நாமும் குளிருக்குப் பயந்து, தண்ணீர் கொஞ்சம் சூடாகட்டும் என்று காத்திருந்து சரியாக 11 மணிக்குத்தான் இறங்குகிறோம். மூன்று மணிக்கு மேல் இறங்குவது மேல், தண்ணீர் அப்போதும் வெயிலின் சூட்டோடு இருக்கும். ஐந்துக்குள் ஏறிவிடுங்கள், அதற்கு மேல் காட்டுமாடு தண்ணீருக்கு வரும் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள், இவை மேல்மட்டத்தில் மிதப்பதால் காற்று தள்ளும் கரையில் போய்ச் சேரும். சருகும் நுரையும் ஒதுங்கும் கரை அதுதான், அதற்கு எதிர்க்கரையில் இறங்குங்கள். ஓரத்து முழங்கால் ஆழத்தில் நின்று விளையாடுவதுதான் அதிகம் கடி வாங்கித் தரும், சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் வருவது அதனால்தான். அவர்களை ஆழத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை, பாசி இல்லாத, கல்லும் மணலும் தெரியும் ஓரமாகத் தேர்ந்தெடுங்கள், நேரத்தைக் குறையுங்கள், நீங்கள் கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

ஏறியவுடன் துடையுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள். தண்ணீர் தோலிலேயே காயக் காயத்தான் ஒட்டியிருக்கும் புழு அவசரமாக உள்ளே துளைக்கிறது, அதற்குச் சில நிமிடமே போதும். துண்டு கரையிலேயே இருக்க வேண்டும், வீட்டில் இல்லை. மெல்லிய குற்றாலத் துண்டால் ஒற்றி எடுப்பது போதாது, சொரசொரப்பான துண்டால் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் அழுத்தித் தேய்த்துத் துடையுங்கள். ஈர உடையை உடனே மாற்றி, பக்கத்தில் குழாயோ வாளித் தண்ணீரோ இருந்தால் ஊற்றிக் கழுவுங்கள். தண்ணீருக்குள் இருக்கும்போதே சில புழு நுழைந்துவிடும், அதனால் இது முழுக்காப்பு இல்லை, ஆனாலும் நல்ல வித்தியாசம் தெரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினால் வராது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நம்பாதீர்கள், தோலில் உள்ள கொழுப்பு அமிலங்களை உணர்ந்துதான் இந்தப் புழுக்கள் துளைக்கவே தொடங்குகின்றன.

அரிப்பு வந்துவிட்டது என்று வையுங்கள். முதலில் இது அதுதானா என்று பாருங்கள். தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும், நனைந்த மட்டம் வரை கோடு போட்ட மாதிரி புள்ளிகள் இருந்தால், குளித்த சில நிமிடத்திலோ அன்று இரவுக்குள்ளோ தொடங்கியிருந்தால், பெரும்பாலும் இதுதான். சிரங்கு என்றால் விரலிடுக்கில், மணிக்கட்டில் வரும், வாரக்கணக்கில் மெல்லக் கூடும், குளிக்காதவர்களுக்கும் பரவும். காஞ்சொறி பட்டிருந்தால் தொட்ட நொடியே எரியும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் கசியும். கறுத்த பொருக்கு ஒன்று இருந்து காய்ச்சலும் அடித்தால் ஒரு நாள் கூடத் தள்ளாமல் மருத்துவரிடம் ஓடுங்கள், மலைப்புதரில் இருக்கும் பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அதை விட்டால் உயிருக்கே ஆபத்து, சரியான நேரத்தில் மருந்து கொடுத்தால் நன்றாகக் கேட்கும்.

நீச்சல் அரிப்புக்குப் புழு மருந்து தேவையில்லை, புழு ஏற்கெனவே செத்துவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றுங்கள். காலமைன் லோஷன் பூசலாம், சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பற்றுப் போடலாம். ராத்திரி தூக்கம் கெட்டால் செட்டிரிசின் மாதிரி மாத்திரை உதவும், குழந்தைக்கு என்றால் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேளுங்கள், ரொம்பத் தடித்திருந்தால் ஸ்டீராய்டு களிம்பும் அவர் எழுதிக் கொடுப்பார். சுண்ணாம்பு, உப்பு, எலுமிச்சை எதையும் தேய்க்காதீர்கள். பிள்ளைகளின் நகத்தை அன்றைக்கே வெட்டிவிடுங்கள், சொறிந்து புண்ணாகிச் சீழ் வைப்பதுதான் இதில் உண்மையான தொல்லை. சீழ், காய்ச்சல், முகம் வீங்குவது, மூச்சு வாங்குவது இருந்தால் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது "குளத்தில் குளித்தோம், மாடு குடிக்கிற குளம், இத்தனை மணிக்கு" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது ஆப்பிரிக்காவில் வேலை பார்த்து, அங்கே ஏரியில் குளித்துத் திரும்பியிருந்தால் அது தனிக் கதை, சிறுநீரில் ரத்தம் தெரியும் வரை காத்திருக்காமல் அதையும் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

குளம் வைத்திருப்பவர்களுக்கு. தோட்டக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் செடியின் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவைக்கு மயில்துத்தம் என்கிற செம்பு உப்பு இருக்கும், அதைக் குளத்தில் கரைத்தால் நத்தை சாகும் என்று யாராவது சொல்வார்கள். சாகும், மீனும் தவளையும் சேர்ந்து சாகும், செம்பு சேற்றில் தங்கிவிடும், அடுத்த மழைக்கு ஓடையில் புது நத்தை வந்து சேரும். செய்யாதீர்கள். வாத்து விட்டால் நத்தையைத் தின்றுவிடும் என்பதும் பாதி உண்மைதான், வாத்து நத்தையைத் தின்னும், ஆனால் பறவைப் புழுவுக்கு வாத்தே வீடு, அரிப்பு இன்னும் கூடலாம். பலன் தருவது சுற்றின் வேறு இடத்தை அறுப்பது. மாட்டைக் குளத்திலிருந்து பிரியுங்கள்.

நாங்கள் குளத்துக்கு மேலே ஓடையிலிருந்து அரை அங்குலக் குழாய் இழுத்து ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினோம், கீழ்ப்பக்கம் மூங்கில் வேலி போட்டோம். முதல் வாரம் பசு பழக்கத்தில் வேலியோரம் போய் நின்றுகொண்டு கத்தியது, பிறகு தொட்டிக்குப் பழகிவிட்டது, அதற்கு மருத்துவர் போட்ட ஊசியில் குறட்டையும் அடங்கியது. மாதம் ஒருமுறை குளிக்கும் துறையில் மட்டும் பாசியை வாரி, நத்தையோடு மேட்டில் குவித்துக் காயவிடுகிறோம். இந்த மே மாதம் பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். துறைக்குப் பக்கத்துக் கொய்யா மரத்தில் துண்டு மாட்ட மூன்று ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.